இரண்டு கேள்விக்கும் தலையாட்டினாள்

காது கேளாத பிள்ளை ஒன்று உங்களைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினால், பாடம் நன்றாகப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். இதை எழுதிக் கொடுத்துவிட்டு நான் போய்ப் படுத்துக்கொள்ளலாம். முழங்கால் வலி, மழைக்காலம் வேறு. ஆனால் ஒரு வரியில் சொன்னால் நீங்களும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த பள்ளி கண்டிக்கு வெளியே, அம்பிட்டியப் பக்கம் ஒரு மேட்டில் இருந்தது. கண் தெரியாத பிள்ளைகளும் காது கேளாத பிள்ளைகளும் ஒரே வளவுக்குள் படித்தார்கள். மேல் கட்டடம் அவர்களுக்கு, கீழ்க் கட்டடம் இவர்களுக்கு. காலையில் மணி அடித்ததும் மேலே இருப்பவர்கள் வரிசைக்கு வந்துவிடுவார்கள். கீழே இருப்பவர்களுக்கு ஆயா வாசலில் நின்று ஒரு சிவப்புத் துண்டை வீசிக் காட்ட வேண்டும். நான் கீழ்க் கட்டடத்து டீச்சர். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன். வேறு இடத்துக்குப் போக ஆசைப்பட்டதில்லை என்று சொன்னால் அது பொய். மாற்றம் கேட்டேன், கிடைக்கவில்லை.

கண் தெரியாத பிள்ளைகள் ஓயாமல் கேள்வி கேட்பார்கள். யார் வந்தது, அது என்ன சத்தம், டீச்சருக்கு ஏன் இன்றைக்குக் குரல் ஒரு மாதிரி இருக்கிறது, பகலுக்கு என்ன கறி என்று உயிரை எடுப்பார்கள். மேல் கட்டடத்து டீச்சர்மார் பின்னேரம் தேநீர் குடிக்க வரும்போது தொண்டை கட்டிப்போய்த்தான் வருவார்கள். எங்கள் பிள்ளைகள் கேள்வியே கேட்க மாட்டார்கள். பள்ளியைப் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் எங்கள் வகுப்பு வாசலில் நின்று, எவ்வளவு அடக்கமான பிள்ளைகள் என்று மெச்சிவிட்டுப் போவார்கள்.

அந்த அடக்கம் நாங்கள் பழக்கியது. அந்தக் காலத்தில் எங்கள் பள்ளியில் கையால் பேசக் கூடாது. உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டும், வாயைத் திறந்து பேச வேண்டும். கையால் பேசவிட்டால் வாய் பேசாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். வகுப்பில் பிள்ளைகளின் கைகள் மேசைக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு “விளங்கிச்சா?” என்று கேட்போம். தலையாட்டினால் அடுத்த பிள்ளைக்குப் போவோம். ஆட்டாவிட்டால் முகத்தைப் பிடித்துத் திருப்பி, அதே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, எங்கள் தொண்டையில் அவர்கள் கையை வைத்து, அவர்கள் தொண்டையில் எங்கள் கையை வைத்து, ஒரு பாடு படுத்திவிடுவோம். இதில் எது சுகம் என்று கண்டுபிடிக்கச் சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உதட்டைப் பார், சிரி, தலையாட்டு, தப்பித்துக்கொள். பெரிய வகுப்புக்கு வரும்போது அதில் எல்லோரும் கைதேர்ந்திருப்பார்கள்.

ஒருமுறை ஒரு பிள்ளையை வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் இங்கே வலிக்கிறதா என்றார், தலையாட்டியது. அங்கே வலிக்கிறதா என்றார், ஆட்டியது. தலை சுற்றுகிறதா, சளி இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று அவர் கேட்கக் கேட்க ஆட்டிக்கொண்டே இருந்தது. ஒரு பை நிறைய மருந்தோடு திரும்பி வந்தோம். பிள்ளை மாங்காயை அளவுக்கு மிஞ்சித் தின்றிருந்தது, அவ்வளவுதான். ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் சிரித்தோம். மல்லிகாவின் விஷயம் வந்த பிறகு அந்தக் கதையை நான் சொல்வதில்லை.

மல்லிகா கெலிஓயாக்காரி. அப்பா முத்தையா அங்கே ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்கு நின்றார். ஆறு வயதில் எங்களிடம் வந்தவள், பதினெட்டைத் தாண்டித் தையல் வகுப்பில் இருந்தாள். கை அவ்வளவு சுத்தம். கழுத்துப்பட்டி வெட்டக் கொடுத்தால் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள், பிறகு ஒரே வெட்டு. எங்களுக்கு விளங்கும் அளவுக்குப் பேச்சும் வரும். ஆனால் பள்ளிக்கு வெளியே, வீட்டில்கூட, வாய் திறக்க மாட்டாள். சின்ன வயதில் பஸ்ஸில் அவள் பேசியதைக் கேட்டு யாரோ சிரித்தார்கள். அதோடு சரி.

ஒரு தவணை விடுமுறை முடிந்து பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள், மல்லிகா வரவில்லை. அடுத்த வாரம் முத்தையா மட்டும் வந்தார்.

“டீச்சர், மல்லிகாவுக்கு ஒரு எடம் சரி வந்திருக்கு. பேரு சந்திரன். கம்பளையில சொந்தமா பலசரக்குக் கடை வச்சிருக்காரு. மொத சம்சாரம் தவறிட்டாங்க, ஒரு சின்ன பொம்பளப்புள்ள இருக்கு. குடி கிடி ஒண்ணும் கெடையாது. நம்ம புள்ளைக்கு இத விட நல்ல எடம் எங்க வரும், சொல்லுங்க.”

“அவகிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லாமலா? அவங்கம்மா சொன்னா. சந்தோசமா தலையாட்டுனா.”

நான் கையில் இருந்த புத்தகத்தை மூடி வைத்தேன்.

“கல்யாணப் பதிவுகாரர் ஐயாதான் ஒரு சிக்கல் வச்சிட்டாரு,” என்றார் முத்தையா. “வாய் பேசாத புள்ளைன்னா ஸ்கூல்ல இருந்து யாராச்சும் வந்து அவ சம்மதத்தக் கேட்டுச் சொல்லணுமாம். நீங்க வந்து ஒரு வார்த்தை கேட்டுச் சொன்னா போதும் டீச்சர்.”

எங்கள் பள்ளி அதிபர் யாழ்ப்பாணத்து அம்மா. கண்டிப்பானவர், அதிகம் பேச மாட்டார். அனுமதி கேட்கப் போனேன்.

“ஓம், போயிட்டு வாரும். ஆனா ஒண்டு. நீர் போறது அவை கேக்கிறதைப் பிள்ளைக்குச் சொல்லவும், பிள்ளை சொல்லுறதை அவைக்குச் சொல்லவும்தான். உம்மட அபிப்பிராயத்தை இஞ்ச வச்சிட்டுப் போம்.”

“அவளுக்கு வெளங்காட்டி என்ன செய்யிறது மிஸ்?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “விளங்காட்டி விளங்கப்படுத்தும். ஆனா தகப்பனைச் சபையில தலைகுனிய வச்சீரெண்டா, நாளைக்கு ஒரு தாய் தகப்பனும் பிள்ளையை எங்களை நம்பி விடாதுகள். அதையும் யோசிச்சுக்கொள்ளும்.”

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாமல் போகலாம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேலிடத்து உத்தரவுகள் பெரும்பாலும் இப்படித்தான் வரும், பழகிக்கொள்ளுங்கள்.

பதிவுகாரர் கம்பளை வீதியில் தன் வீட்டு முன்னறையையே கந்தோராக வைத்திருந்தார். ஒரு பெரிய மேசை, ஒரு அலுமாரி, சுவரோரம் கதிரைகள். நல்ல நேரம் பார்த்துக் காலையிலேயே எல்லோரும் வந்துவிட்டார்கள். வெளியே வேனில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், வீட்டில் சமையல் நடந்துகொண்டிருந்தது. மல்லிகா ஆரஞ்சு நிறச் சேலை உடுத்து, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை சந்திரன் வெள்ளைச் சட்டை போட்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள், நாலு வயது இருக்கும், மல்லிகாவின் வளையல்களைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. அவளும் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அதன் கையில் போட்டுவிட்டாள்.

பதிவுகாரர் வயதான சிங்களவர். அந்தப் பக்கத்துக் கடைத்தெருவிலேயே காலம் கழித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். “டீச்சர், இந்தப் புள்ளைக்கு இந்த ஆளைக் கல்யாணம் முடிக்க சம்மதமா? கேட்டுச் சொல்லுங்க.”

நான் மல்லிகாவுக்கு எதிரே உட்கார்ந்து, எங்கள் முறைப்படி மெதுவாக, உதடு தெரியச் சொன்னேன். “மல்லிகா, இவரைக் கல்யாணம் முடிக்க உனக்குச் சம்மதமா?”

நான் சொல்லி முடிக்கும் முன்பே அவள் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள்.

“ஹரி,” என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டுப் பதிவுகாரர் பேனையைத் திறந்தார். முத்தையா லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். விஷயம் விளங்கினால் மல்லிகாவின் கண் உதட்டை விட்டு விலகும். ஒரு கணம் வேறெங்காவது பார்ப்பாள், பிறகுதான் பதில். இப்போது அவள் கண் என் உதட்டை விட்டு அசையவே இல்லை.

பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். சந்திரன் நல்ல மனிதர். அந்தக் குழந்தைக்கு மல்லிகாவைப் பிடித்திருக்கிறது. தையல் வகுப்பில் அவளை இன்னும் எத்தனை காலம் வைத்திருக்க முடியும்? நான் வாயைத் திறந்தால் வீட்டில் வேகிற சோறு என்ன ஆகும், வேனில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள், முத்தையா நாளைக்குக் கடையில் எந்த முகத்தோடு நிற்பார்? சும்மா இருப்பதற்கான காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்களாகவே இருந்தன. ஒன்றுக்காவது என்னிடம் மறுப்பு இருக்கவில்லை. இருந்தும், “ஐயா, கொஞ்சம் பொறுங்க,” என்று என் வாயில் வந்துவிட்டது.

மறுபடி அவள் பக்கம் திரும்பினேன். “மல்லிகா, உனக்கு இந்தக் கல்யாணம் வேணாமா?”

அதே சிரிப்பு. அதே தலையாட்டல்.

யன்னல் பக்கம் யாரோ சிரித்தார்கள். முத்தையா எழுந்துவிட்டார். “என்னா டீச்சர் இது? புள்ளையப் போட்டு ஏன் கொழப்புறீங்க?”

“நான் கொழப்பல. அவளுக்குக் கேள்வியே வெளங்கல.”

“வீட்ல மட்டும் வெளங்குச்சே!”

“வீட்லயும் தலையத்தான ஆட்டுனா?”

இதைக் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

பதிவுகாரர் பேனையைக் கீழே வைத்தார். அப்போது சந்திரன் மெல்லச் சொன்னார்: “கேக்கட்டும் மாமா. டீச்சர் நல்லா கேக்கட்டும்.”

“இன்னிக்கு என்ன?” என்று மல்லிகாவைக் கேட்டேன். “நாம எதுக்கு இங்க வந்திருக்கோம்?”

இதற்குத் தலையாட்ட முடியாது. அவள் ஆட்டப் பார்த்து, நிறுத்திக்கொண்டாள். சுற்றி இருந்தவர்களைப் பார்த்தாள். மடியில் இருந்த கைகள் கொஞ்சம் எழும்பின, பிறகு என் முகத்தைப் பார்த்துத் தயங்கின. வகுப்பில் அந்தக் கைகளைக் கீழே போடச் சொல்கிறவள் நான்தானே. என் கைகளைத் தூக்கி மேசை மேல் வைத்து விரித்துக் காட்டினேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. காற்றில் சின்னதாக ஒரு சதுரம் போட்டாள், அதை நெஞ்சில் ஒட்டிக் காட்டினாள், படம் எடுப்பது போலக் காட்டினாள், கையெழுத்துப் போட்டுக் காட்டினாள்.

அடையாள அட்டை.

முதல் தவணையில்தான் தையல் வகுப்புப் பெண்களை அடையாள அட்டைக்குப் படம் எடுக்கவும் கையெழுத்துப் போடவும் கூட்டிப் போயிருந்தோம். எல்லோருக்கும் வந்தது, மல்லிகாவுக்கு மட்டும் வரவில்லை. இப்போது வீட்டில் அவளுக்குப் புதுச் சேலை உடுத்தி ஸ்டூடியோவில் படம் எடுத்திருக்கிறார்கள், ஒரு கந்தோருக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள், மேசையில் பேனை இருக்கிறது. புத்திசாலிப் பெண், கணக்குப் போட்டு முடிவுக்கு வந்துவிட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே சபைக்குச் சொன்னேன். மல்லிகாவின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

பிறகு நான் கையால் பேசினேன். அதுவும் ஒரு பெற்றோருக்கு முன்னால். எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாட்டு மண்டபத்தில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவதைப் பார்த்துப் பொறுக்கியதுதான். கழுத்தில் தாலி கட்டுவது போலக் காட்டினேன். சந்திரனைக் காட்டி, அவளைக் காட்டினேன். அவர் வீடு, அங்கே சமைப்பது, அங்கேயே தூங்குவது, இந்தக் குழந்தை, நாளைக்கும், அதற்கு அடுத்த நாளும், எல்லா நாளும். பள்ளிக்கூடம் முடிந்தது என்று கையைத் துடைத்துக் காட்டினேன்.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. சந்திரனை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். துணியை வெட்டுவதற்கு முன்னால் பார்ப்பாளே, அப்படிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவம், அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவள் என் பக்கம் திரும்பிக் கையால் ஒரு கேள்வி கேட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் பெரிய கேள்வி அதுதான்.

“என்ன கேக்குது புள்ள?” என்றார் பதிவுகாரர்.

எனக்கு நன்றாக விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன். கொஞ்சம் மாற்றிச் சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்படியே சொன்னால், பெற்ற மகளுக்கு உன் வீட்டில் இடம் இருக்கிறதா என்று ஒரு தகப்பனைச் சபையில் வைத்துக் கேட்பதாக ஆகும். சொல்லாமல் விட்டால் அவள் பயத்திலேயே சம்மதிப்பாள். அதிபர் சொன்னது காதுக்குள் கேட்டது. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“வேணாம்னு சொன்னா, ஸ்கூல் முடிஞ்சப்புறம் நான் எங்க இருக்கிறதுன்னு கேக்குறா.”

முத்தையாவின் முகம் கறுத்துவிட்டது. “இதென்னா கேள்வி? நம்ம வீட்லதான். வேற எங்க?” என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

“என்கிட்ட சொல்லாதீங்க. அவ மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. மெதுவா.”

அவர் மகளுக்கு எதிரே வந்து குனிந்து சொன்னார். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முத்தையாவுக்கு மேலுதடு தெரியாத அளவுக்கு அடர்ந்த மீசை. உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ளப் பழக்கிய பிள்ளைக்கு அந்த வாயில் படிக்க ஒன்றுமே இல்லை.

“மீசை மறைக்குது,” என்றேன்.

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “நம்ம... வீட்ல,” என்றார். அந்த அறையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மல்லிகா விரலை உயர்த்தி இன்னொரு தரம் என்று காட்டினாள். “நம்ம வீட்ல,” என்று மறுபடி சொன்னார். எப்பவுமா என்று கையால் கேட்டாள். நான் சொல்லாமலே அவருக்கு அது விளங்கியது. “எப்பவும்,” என்றார்.

அவள் பதிவுகாரர் பக்கம் திரும்பினாள். என்னை எதிர்பார்க்கவில்லை. வெளியாட்களுக்கு முன்னால் காட்டாத அந்தக் குரலில், தடித்து, தேவைக்கு மேல் சத்தமாக, “வேணாம்,” என்றாள். வேனில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்திரன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, “பரவால்லங்க டீச்சர், பின்னாடி தெரிஞ்சிருந்தா இன்னும் கஷ்டம்,” என்று சொல்லிவிட்டுப் போனார். வளையல்களைக் குழந்தையிடமிருந்து வாங்க மல்லிகா விடவில்லை. சொந்தக்காரர்கள் என்னைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதிபர் என்னைத் திட்டவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. அந்தத் தவணை முழுக்க வேலை விஷயம் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. மல்லிகா ஒரு மாதம் கழித்துத் தையல் வகுப்புக்குத் திரும்பி வந்தாள். அவளுடைய காலத்தை அவள் தைத்துத்தான் ஓட்டினாள், சுகமான காலம் என்று சொல்ல முடியாது. சந்திரனைக் கட்டியிருந்தால் நன்றாக இருந்திருப்பாளோ என்று எனக்கே பல நாள் தோன்றியிருக்கிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. பிள்ளை தலையாட்டினால் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கள். ஆம் இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேளுங்கள். பிள்ளை திருப்பிக் கேட்கிற கேள்வி உங்களுக்குச் சங்கடமாக இருந்தாலும் ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வருவது உங்கள் தலையில்தான் விழும். எனக்கு அதற்கு ஒரு வழியும் தெரியாது, தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கு பஸ்ஸுக்கு நின்றபோது நடந்ததை நான் பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. முத்தையா குடையோடு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து, திட்டு வாங்கத் தயாராகவே நின்றேன். அவர் குடையை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஆறு வயசுல கொண்டாந்து விட்டேன் டீச்சர். பேசுவா, பேசுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. ஒவ்வொரு லீவுக்கும் அவ வாயப் பாத்துக்கிட்டே இருப்பேன். இன்னிக்குத்தான் பேசுனா.” குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “வேணாம்னு.”

நான் கைப்பையில் பஸ் காசைத் தேடினேன்.

“அப்பான்னு சொல்லத் தெரியுமா டீச்சர் அவளுக்கு?”

“தெரியும்,” என்றேன். “மொதல்ல சொல்லிக் குடுக்கிறதே அந்தச் சொல்லுதான். படத்தக் காட்டுனா தெளிவா சொல்லுவா.”

“யாரு படம்?” என்று கேட்டார்.

எங்கள் வகுப்புச் சுவரில், கோட்டும் டையும் போட்ட ஒரு ஆள் கதிரையில் சாய்ந்து பத்திரிகை படிக்கிற படம் ஒன்று தொங்கியது. மீசை இல்லாத, சிவந்த முகம். மல்லிகா சின்ன வகுப்பிலிருந்து அந்த ஆளைப் பார்த்துத்தான் அப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.